அழுத்தினாலும் மறையாத சிவப்பு

தோலில் காரணம் புலப்படாமல் தோன்றும் சிவப்புப் புள்ளிகளுக்கு மருத்துவ நூல்கள் கூறும் காரணங்கள் மிகப் பல. கோடையில் வந்து மழையில் அடங்கிவிடும் வேர்க்குருவும், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முற்றக்கூடிய இரத்தக்கசிவும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தோடு கண்ணில் படுவதுண்டு. தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரைப் போன்ற ஓர் ஊருக்கு இந்த வேறுபாட்டை அறிவது மிகவும் தேவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கருப்பாநதி அணையின் பாசன வயல்களுக்கு அருகே, நெருக்கமான தெருக்களோடு அமைந்த இந்நகரம், 2012ஆம் ஆண்டில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைத் தாக்கிய டெங்குக் காய்ச்சலால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. அவ்வாண்டில் தமிழகம் முழுவதிலும் 12,826 பேருக்கு டெங்கு ஏற்பட்டு 66 பேர் உயிரிழந்ததாகவும், மீண்டும் 2017இல் 23,294 பேருக்கு நோய் கண்டு 65 பேர் உயிரிழந்ததாகவும் நடுவண் அரசின் கணக்குகள் கூறுகின்றன. அந்த நோயாளிகளில் பலருக்கும் தோலில் செம்புள்ளிகள் தோன்றியிருக்கும். அவற்றை வீட்டார் சூடு என்றோ அம்மை என்றோ கொசுக்கடி என்றோ எடுத்துக்கொள்வதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது.

தோலின் சிவப்புக்கு அடிப்படையில் இரண்டு வழிகளே உள்ளன. தோலுக்கு அடியில் உள்ள தந்துகிகள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்கள் அழற்சியாலோ ஒவ்வாமையாலோ வெப்பத்தாலோ விரிவடையும்போது அவற்றுள் கூடுதலான இரத்தம் பாய்வதால் மேற்பரப்பு சிவக்கும்; இது முதல் வழி. இரண்டாவதில் இரத்தமே குழாயைவிட்டு வெளியேறித் தோலின் திசுக்களுக்கிடையே தங்கிவிடுகிறது. முதல் வகைச் சிவப்பை விரலால் அழுத்தினால் குழாய்க்குள் இருக்கும் இரத்தம் விலகி நிறம் மறையும், விரலை எடுத்ததும் திரும்பிவிடும். இரண்டாம் வகையில் விலகிச் செல்வதற்கு இரத்தத்துக்கு வழியில்லாததால் எவ்வளவு அழுத்தினாலும் நிறம் மாறாது. தோல் மருத்துவர்கள் கண்ணாடி வில்லையை வைத்து அழுத்திப் பார்க்கும் இச்சோதனையை வீட்டில் உள்ள ஒரு கண்ணாடித் தம்ளரைக் கொண்டும் செய்யலாம். தம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிகளின் மேல் வைத்துச் சற்று அழுத்தி, கண்ணாடியின் ஊடே நோக்கும்போது புள்ளி மறைகிறதா நிற்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். மறையாமல் நிற்கும் புள்ளிகள் 3 மில்லிமீட்டருக்கும் சிறியனவாக, குண்டூசி முனையால் தொட்டு வைத்த அளவில் இருந்தால் அவற்றை மருத்துவத்தில் பெட்டிக்கியே என்பர். அதைவிடப் பெரியவை பர்புரா எனவும், ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிப் பரவும் கன்றிய திட்டுகள் எக்கிமோசிஸ் எனவும் பெயர் பெறும்.

இங்கே ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். நீண்ட காலமாக மருத்துவப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை என்பதால், 'சிவப்பு' என்று அவை விவரிக்கும் நிறம் கறுத்த தோலில் அப்படியே தெரிவதில்லை. மாநிறத்தோரிடம் செம்புள்ளி சற்றே கருஞ்சிவப்பாகவும், நன்கு கறுத்தவர்களிடம் ஊதா கலந்த கருமையாகவும் தோன்றும். லேசான சிவப்புப் படர்வு கண்ணுக்கே தெரியாமல் போய்விடவும் கூடும். ஆகவே தமிழ்நாட்டில் இத்தகைய புள்ளிகளைத் தேடுவோர் முன்கையின் உட்புறம், உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்பக்கம், வாயின் மேலண்ணம் ஆகிய நிறமி குறைந்த இடங்களைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரியான முறையாகும். நிறத்தை மட்டும் நம்பாமல், தடவும்போது மேடு தட்டுப்படுகிறதா, சூடாக இருக்கிறதா, வலிக்கிறதா என்பதையும் சேர்த்துக் கவனித்தல் வேண்டும்.

அழுத்தினாலும் மறையாத புள்ளிகளைப் புரிந்துகொள்வதற்கு இரத்தத் தட்டணுக்களை அறிவது அவசியம். 1882இல் இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ விளக்கிக் காட்டிய இந்த நுண்ணிய அணுத்துண்டுகள் எலும்பு மச்சையில் உருவாகி, ஏழு முதல் பத்து நாள்கள் இரத்தத்தில் உலவி, குழாய்ச் சுவரில் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை அன்றாடம் அடைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய அவற்றின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்போது விரிசல்கள் அடைபடாமல் இரத்தம் கசிகிறது. நிற்கும்போது அழுத்தம் மிகுதியாக உள்ள கணுக்கால்களிலும், உடை இறுக்கும் இடுப்பிலும் அக்கசிவு முதலில் தென்படும். எண்ணிக்கை போதுமானதாக இருந்தும் குழாய்ச் சுவரே பழுதடைந்தால் இதே விளைவு ஏற்படும். டெங்குவில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன.

டெங்குக் காய்ச்சலின் போக்கை அறியாததனால் நேரும் இழப்புகள்தாம் இப்பொருளில் மிகவும் வருத்தம் தருபவை. ஏடிஸ் வகைக் கொசு கடித்து நான்கு முதல் பத்து நாள்களுக்குள் கடுங்காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி ஆகியவற்றோடு நோய் தொடங்குகிறது. முதல் ஓரிரு நாளில் முகத்திலும் மார்பிலும் பரவும் சிவப்பு, குழாய்கள் விரிவதால் வருவது, அழுத்தினால் மறையும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்குகிறது. வீட்டார் நிம்மதியடைந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று பேசிக்கொள்ளும் அந்நேரம்தான் நோயின் நெருக்கடிக் கட்டம் தொடங்கும் நேரம். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் தந்துகிகளின் சுவர் வழியாக இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்க, குழாய்களுக்குள் எஞ்சும் இரத்தம் கெட்டியாகி, இரத்த அழுத்தம் சரிகிறது. தட்டணுக்களும் இதே நாள்களில்தான் மிகக் கீழே இறங்குகின்றன. விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கருநிற மலம், கைகால் சில்லிடுதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் அல்லது காரணமின்றி அமைதியிழத்தல் ஆகியவை அந்த நாள்களில் தென்பட்டால், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இக்கட்டத்தைக் கடந்து குணமடைவோருக்கும் ஒரு தடிப்பு வருவதுண்டு; கைகால்களில் பரவலான சிவப்பும் அதனிடையே இயல்பான நிறத்தில் சிறுசிறு வட்டத் திட்டுகளும் அரிப்போடு தோன்றும் அது, பார்ப்பதற்கு அச்சுறுத்தினாலும் நோய் நீங்குவதன் அறிகுறியே.

இரத்தக்குழாய்களின் பலவீனத்தைக் கண்டறியக் காய்ச்சல் பிரிவுகளில் செய்யப்படும் டூர்னிக்கெட் சோதனை, ஆய்வகமோ இரத்த மாதிரியோ வேண்டாத மிக எளிய முறை. நோயாளியின் மேற்கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, அவருடைய மேல் அழுத்த எண்ணுக்கும் கீழ் அழுத்த எண்ணுக்கும் நடுவில் உள்ள அளவுக்கு, எடுத்துக்காட்டாக 120க்கு 80 உள்ளவருக்கு 100 அளவுக்கு, காற்றடைத்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவைப்பார்கள். பட்டையைத் தளர்த்திய பின் முழங்கை மடிப்புக்குக் கீழே ஓர் அங்குலச் சதுரம் வரைந்து அதற்குள் புதிதாகத் தோன்றிய செம்புள்ளிகளை எண்ணுவார்கள். முன்பு 20 புள்ளிகள் இருந்தால்தான் சோதனை நேர்மறை எனக் கொள்ளப்பட்டது. பிற்கால வழிகாட்டுதல்கள் 10 புள்ளிகளையே போதுமான எண்ணிக்கையாக ஏற்றுள்ளன. இச்சோதனை மட்டுமே டெங்குவை உறுதிசெய்துவிடாது. முதல் ஐந்து நாள்களில் என்எஸ்1 என்னும் வைரஸ் புரதத்தைத் தேடும் இரத்தப் பரிசோதனையும், அதன்பின் ஐஜிஎம் எதிர்ப்பொருள் பரிசோதனையும் அதற்கு உரியவை.

2012க்குப் பிறகு தமிழகத்து வீடுகளில் 'தட்டணு எத்தனை?' என்ற கேள்வி பழகிப்போய்விட்டது. எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே வந்ததும் குடும்பமே கலங்கித் தட்டணு ஏற்றச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தும் நிலையும் காணப்படுகிறது. இரத்தக்கசிவு இல்லாதவருக்கு, எண்ணிக்கை மிகக் கீழே இறங்காதவரை, தட்டணு ஏற்றுவதால் நன்மை இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் தெளிவான நிலைப்பாடு. உயிரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தட்டணு எண்ணிக்கையைவிட நீர்க்கசிவே என்பதால், இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு எனக் காட்டும் ஹீமட்டோகிரிட் அளவு உயர்கிறதா என்பதையும், நோயாளி சரிவரச் சிறுநீர் கழிக்கிறாரா என்பதையும் மருத்துவர்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். அரசே 2012இல் பரவலாக வழங்கிய நிலவேம்புக் குடிநீரையும், பப்பாளி இலைச் சாற்றையும் இவ்வட்டாரத்து மக்கள் நம்பி அருந்துகின்றனர். அவற்றை அருந்துவதனாலேயே மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுவதுதான் கவலைக்குரியது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது இரத்தக்கசிவை மிகுவிக்கும் என்பதால் அது முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டிய பழக்கம்.

குடிநீர் நாள்தோறும் வராத ஊர்களில் சிமெண்டுத் தொட்டியிலும் பிளாஸ்டிக் டிரம்மிலும் நீரைச் சேர்த்து வைப்பதைத் தவிர மக்களுக்கு வேறு வழியில்லை என்பதையும், ஏடிஸ் கொசு விரும்புவது அந்தத் தூய நீரையே என்பதையும் இணைத்துப் பார்த்தால், இந்நோயின் வேர் வீட்டாரின் கவனக்குறைவில் மட்டும் இல்லை என்பது விளங்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் கொசு முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே நீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவியாக வேண்டும்.

காய்ச்சலே இல்லாமல் மறையாத புள்ளிகள் வருவதும் உண்டு. குழந்தைகளுக்குச் சளி காய்ச்சல் வந்து நீங்கிய சில வாரங்களில், உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாகத் தன் தட்டணுக்களை அழிக்கத் தொடங்குவதால் ஏற்படும் ஐடிபி என்னும் நிலையில், நன்றாக ஓடியாடும் குழந்தையின் கால்களில் திடீரெனப் புள்ளிகளும் கன்றல்களும் தோன்றும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானே சரியாகிவிடும் இந்நிலை, பெரியவர்களிடம் நீடித்து நிற்கும் இயல்புடையது. புட்டத்திலும் கால்களிலும் தடவினால் மேடாகத் தட்டுப்படும் செம்புள்ளிகளோடு மூட்டு வலியும் வயிற்றுவலியும் சேர்ந்து வந்தால் அது ஐஜிஏ வாஸ்குலைட்டிஸ் எனப்படும் இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; இதில் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், புள்ளிகள் மறைந்த பின்னும் சில மாதங்கள் சிறுநீரைப் பரிசோதித்துவர வேண்டும். புள்ளிகளோடு வெளிறிய தோற்றம், தொடர்ந்த களைப்பு, எலும்பு வலி, திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல் ஆகியவை சேர்ந்திருந்தால் இரத்தப் புற்றுநோயை விலக்குவதற்கான பரிசோதனை தாமதிக்கப்படக் கூடாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை உட்கொள்ளும் முதியோரின் முன்கையில் சிறு உராய்வுக்கே திட்டு விழுவதும், கடுமையாக இருமியவர் அல்லது வாந்தியெடுத்தவரின் முகத்திலும் கழுத்திலும் மட்டும் புள்ளிகள் தோன்றி ஓரிரு நாளில் மறைவதும் பொதுவாகக் காணக்கூடியவை.

மலையடிவார வட்டாரங்களில் டெங்குவோடு குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு காய்ச்சல் ஸ்க்ரப் டைபஸ். புதர்களிலும் புல்வெளிகளிலும் வாழும் ஒருவகைச் சிலந்திப்பேன்களின் இளம்பருவப் புழுக்கள், கண்ணுக்குத் தெரியாத அளவில், மனிதத் தோலில் ஏறிக் கடிக்கும்போது ஒரியன்சியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா உடலில் புகுகிறது. ஏறக்குறைய ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சலும் தலைவலியும் தொடங்கும். மழைக்காலத்திலும் அதை அடுத்த குளிர் மாதங்களிலும் மிகுதியாகக் காணப்படும் இந்நோயில் உடலெங்கும் மங்கிய செம்புள்ளிகள் தோன்றினாலும் கறுத்த தோலில் அவை எளிதில் தெரியா. கண்டுபிடிக்க உதவும் உறுதியான தடயம் வேறொன்று: கடித்த இடத்தில், நடுவில் கருகிய பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக, பீடி நெருப்புச் சுட்டாற்போல் ஒரு சிறு புண் இருக்கும். அது வலிப்பதில்லை, அரிப்பதுமில்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக் கயிற்றின் கீழ், மார்பின் மடிப்பு எனத் துணி மறைக்கும் இடங்களிலேயே அது பெரும்பாலும் அமைவதால், நோயாளிக்கே அது தெரிந்திருக்காது. கூச்சத்தின் காரணமாகப் பெண்கள் காட்டாமல் விடுவதும், நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் மருத்துவருக்கு உடல் முழுவதையும் பார்க்க நேரம் கிடைக்காததும் சேர்ந்து, டாக்சிசைக்ளின் என்னும் விலை குறைந்த மாத்திரையால் தொடக்கத்திலேயே தீரக்கூடிய நோய் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை சென்று தாக்குகிறது. இந்நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சிரை வழியாகச் சேர்த்துக் கொடுப்பது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பயனளிக்கிறது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் நிறுவியது. காய்ச்சலோடு வருபவரிடம் காடு, வயல், ஆடு மேய்க்கும் இடம் எதற்கேனும் சென்றாரா என்று கேட்பதும், வீட்டிலேயே குளிக்கும்போது மறைவிடங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இவ்வட்டாரத்தில் வழக்கமாக வேண்டியவை.

காய்ச்சலோடு புள்ளி என்றாலே அம்மை என்று முடிவுசெய்வது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். தட்டம்மையில் மூன்று நான்கு நாள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவை முதலில் வந்து, அதன்பின் காதுக்குப் பின்புறத்திலும் முடியோரத்திலும் தொடங்கும் செந்திட்டுகள் முகம், மார்பு, கைகால் என்று மேலிருந்து கீழாக இறங்குகின்றன. சின்னம்மையிலோ புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு ஆகிய எல்லா நிலைகளையும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்துக் காணலாம். வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, நோயுற்றவரைத் தனியறையில் வைத்து, அயலார் வராமல் காப்பது தொற்றைத் தடுப்பதற்கு உதவும் நல்ல வழக்கமே. வந்தது அம்மைதானா என்பது உறுதியாகாத நிலையில் மருந்தே கூடாதென்று கதவை அடைத்துக்கொள்ளும்போதுதான் அது ஆபத்தாகிறது, ஏனெனில் டெங்குவின் நெருக்கடி நாள்கள் அந்த அடைத்த கதவுக்குள்ளேயே கழிந்துவிடக்கூடும். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கினர். இப்போது ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் இத்தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது.

சின்னம்மை வந்துபோனவரின் நரம்பு முடிச்சுகளில் அவ்வைரஸ் பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் நலிந்த காலத்திலோ விழித்தெழுந்தால் அக்கியாக வெளிப்படுகிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், ஒரு நரம்பின் பாதையை ஒட்டிப் பட்டையாக, சிவந்த அடித்தளத்தின் மேல் கொத்துக்கொத்தான கொப்புளங்கள் தோன்றும். எரிச்சலும் வலியும் அதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கிவிடும். குயவரிடம் சென்று செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. காவி குளிர்ச்சி தந்தாலும் வைரசைத் தொடுவதில்லை. கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கினால்தான் நோயின் வேகம் குறையும், பின்னாளில் மாதக்கணக்கில் நிற்கக்கூடிய நரம்பு வலியும் குறைய வாய்ப்புண்டு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்த அக்கி கண்பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதற்குக் கண் மருத்துவரையும் பார்ப்பது கட்டாயம்.

காய்ச்சலின்றி உடலெங்கும் திடீரெனத் தடித்துச் சிவந்து அரிப்பதை மக்கள் காணாக்கடி என்கின்றனர். தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிட, தந்துகிகள் விரிந்து நீர் கசிவதால் இத்தடிப்புகள் எழுகின்றன. உணவு, மருந்து, பூச்சிக்கடி, வைரஸ் தொற்று எனத் தூண்டுதல் எதுவாகவும் இருக்கலாம், பலருக்குத் தூண்டுதல் தெரியவே வராது. ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதும், அழுத்தினால் நிறம் வெளுக்கும் என்பதும் இதன் அடையாளங்கள். வெற்றிலையும் மிளகும் மென்று சமாளிப்போர் ஒருபுறமிருக்க, உதடும் நாக்கும் வீங்கி, குரல் மாறி, மூச்சு முட்டினால் அது எந்தக் கைவைத்தியத்துக்கும் காத்திராத அவசர நிலை என்பதை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். காணாக்கடி என்று ஒதுக்கிய சில, உண்மையிலேயே கண்ணில் படாமற்போன பாம்பின் கடியாகவும் இருந்துவிடுகின்றன. தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ பெரும்பாலும் இராது, கண் இமை சரிதலும் விழுங்கச் சிரமப்படுதலுமே முதலில் தெரியும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் இரத்தம் உறைவது கெட்டு ஈறில் கசிவும் தோலில் புள்ளிகளும் வரலாம். இரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கும் எளிய சோதனையிலேயே, உறைந்ததா இல்லையா என்று எந்த அரசு மருத்துவமனையிலும் கண்டுகொள்ளலாம்.

வயல்சூழ்ந்த ஊர்களுக்கே உரிய மற்றொரு தொல்லையும் குறிப்பிடத் தக்கது. மழைக்குப் பின்னரும் நெல் அறுப்புக் காலத்திலும் டியூப்லைட் வெளிச்சத்தை நாடி வீட்டுக்குள் வரும் பீடெரஸ் என்னும் வண்டு, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளத்தில், ஆரஞ்சும் கருப்பும் மாறிமாறி அமைந்த ஒல்லியான உடலோடு, பார்ப்பதற்கு எறும்பெனவே தோன்றும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊர்வதைத் தூக்கத்தில் கையால் தேய்த்து நசுக்கும்போது அதன் உடல்நீரில் உள்ள பீடெரின் என்னும் நச்சு தோலில் படிந்து, ஒரு நாள் கழித்தே எரிச்சலோடு நீண்ட கோடாகச் சிவந்து கொப்பளிக்கிறது. முழங்கை மடிப்பில் பட்டால் மடிப்பின் இருபுறமும் ஒன்றுக்கொன்று நேராக இரண்டு புண்கள் உண்டாகும். இரவில் ஒன்றுமில்லாமல் படுத்தவர் மறுநாள் இக்கோட்டைக் கண்டு அக்கி என்றே அஞ்சுவார். வண்டை நசுக்காமல் ஊதித் தள்ளுவதும், பட்ட இடத்தை உடனே சோப்பால் கழுவுவதுமே போதுமான காப்பு. வயலில் பயிருக்குத் தீங்கான பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவும் உயிரி என்பதால் அதை அழிக்க மருந்தடிக்க வேண்டியதில்லை.

உட்கொண்ட மருந்தே புள்ளிகளுக்குக் காரணமாவதும் பரவலாக நிகழ்வது. சல்ஃபா மருந்துகள், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசபின், யூரிக் அமிலத்துக்கான அல்லோபூரினால் ஆகியவை தொடங்கிச் சில வாரங்களில் உடலெங்கும் செந்தடிப்பு வரலாம். அதனோடு வாய்ப்புண், கண் எரிச்சல், தோல் உரிதல் சேர்ந்தால் அது உயிரைப் பறிக்கவல்ல ஸ்டீவன்ஸ் ஜான்சன் நிலை, மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும்.

இவை அனைத்திலும் மருந்துக்கடைக் களிம்பு செய்யும் கேடு தனியே பேசப்பட வேண்டியது. சிவப்பாக எதைக் கண்டாலும், வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி ஆகிய மூன்றும் கலந்த களிம்பைக் கேட்டு வாங்கித் தடவுவது தமிழகமெங்கும் நிலவும் வழக்கம். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கிச் சிவப்பை இரண்டே நாளில் மறைத்துவிடுவதால் நோய் தீர்ந்ததென்ற எண்ணம் பிறக்கிறது. படர்தாமரையின் பூஞ்சையோ அந்த மறைவில் செழித்து வளர்ந்து, வளைய வடிவத்தை இழந்து, அடையாளம் காணமுடியாத திட்டாகி, இடுப்பிலிருந்து குடும்பத்தினர் அனைவருக்கும் பரவுகிறது. வழக்கமான டெர்பினஃபின் மருந்துக்கு அடங்காத பூஞ்சையினம் ஒன்று இந்தியாவில் பெருகியிருப்பதும், 2020இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நாட்டின் பெயரிலேயே பெயரிடப்பட்டதும் நாம் பெருமைப்படத் தக்கவை அல்ல. ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் நடுவண் அரசு 2018இல் சேர்த்தது. ஆயினும் சீட்டில்லாமல் கேட்பவருக்கு அவை இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

முப்பது வயதைக் கடந்தவர்களின் மார்பிலும் முதுகிலும் பளிச்சென்ற சிவப்பில், தொட்டால் சற்றே புடைத்துத் தெரியும் மிளகளவான புள்ளிகள் எண்ணிக்கையில் மெல்லக் கூடிவருவது செர்ரி ஆஞ்சியோமா என்னும் இரத்தக்குழாய் முடிச்சு. அதற்கு மருத்துவமே வேண்டாம். உணர்ச்சி குறைந்த, அரிப்போ வலியோ இல்லாத செந்திட்டு மட்டும் அப்படி விடத்தக்கதன்று, அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

கடையநல்லூர் அரசு மருத்துவமனையிலிருந்து தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும், அங்கிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்பப்படும் நோயாளியின் புள்ளிகள் வழியிலேயே மாறிவிடுவதுண்டு. காணாக்கடித் தடிப்பு மருத்துவரை அடைவதற்குள் மறைந்துபோகும், டெங்குப் புள்ளிகளோ கூடியிருக்கும். ஆகவே புள்ளிகள் தெரிந்தவுடன் கைபேசியில் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வைப்பதும், ஒரு திட்டைச் சுற்றிப் பேனாவால் கோடிட்டு நேரத்தைக் குறித்து அது பரவுகிறதா என்று பார்ப்பதும், காய்ச்சல் தொடங்கிய நாளையும் விட்ட நாளையும் கடந்த இரண்டு மாதங்களில் உட்கொண்ட மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி, மாத்திரைகளின் காலி அட்டைகளோடு கொண்டுசெல்வதும், பல ஆய்வகப் பரிசோதனைகளைவிட விரைவாக மருத்துவரைச் சரியான காரணத்திடம் கொண்டுசேர்க்கும்.